நாலாவது ஆம்பியர்

கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் சரி, ஈரத்துணியோடு கிழக்கே பார்த்து நிற்கச் சொன்னாலும் சரி, செய்யலாம். கீழே வருவதில் ஒரு கால்புள்ளிகூடப் பொய் கிடையாது. சந்தேகப்படுகிறவர்கள் திண்டுக்கல்லுக்குப் போய்ச் சவரிமுத்துவைக் கேட்டுக்கொள்ளலாம். அவருக்குப் பொய் சொல்ல வராது. அதனால் அவரைப் பிடித்த நஷ்டங்களை அவர் மனைவி லூர்து ஒரு முழுப்பகல் உட்கார்ந்து சொல்லக்கூடியவள்.

சவரிமுத்து முப்பது வருஷம் மின்கம்பத்தில் ஏறி இறங்கிய லைன்மேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வலியிறக்கியை ஓட்டும் வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை ஒன்று கொடுத்தார்கள். அதை அவர் வேலை முடிந்ததும் ஆணியில் மாட்டிவிட்டு, சனிக்கிழமை மட்டும் துவைக்க வீட்டுக்கு எடுத்துப் போவார். கம்பம் ஏறிய நாளிலிருந்தே அவருக்கு ஒரு பழக்கம். ஒயரைத் தொடுவதற்கு முன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். கழற்றிப் பக்கத்தில் வைத்தால் எவனாவது நல்ல எண்ணத்தில் சொருகிவிடுவான். அப்படியொரு நல்ல எண்ணத்தில்தான் அவருடைய கூட்டாளி அந்தோணி கம்பத்திலேயே கருகிப்போனான்.

வலியிறக்கி என்பது மாவு அரைக்கும் கிரைண்டர் உயரத்தில் ஒரு பெட்டி. நோயாளியின் வலி ஒரு முனை வழியாக உள்ளே வரும். கட்டைவிரல் அளவில் ஒரு ஃபியூஸ் கட்டை. வலி முழுவதும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு சொட்டுகூட நகராது. பெட்டி செய்த கம்பெனி, ஒரு பெட்டிக்கு ஒரு கட்டை வீதம்தான் கொடுத்திருந்தது. அங்கிருந்து ஒயர்கள் சொந்தக்காரர்கள் உட்காரும் நாற்காலிகளுக்குப் போகும். வலி அவர்கள் உடம்புக்குள் புகுந்து வெளியேறி, வட்டம் சுற்றிக் கட்டிலுக்கே திரும்பி வரும். எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு நோயாளிக்கு இறக்கம். வலி மின்சாரம் இல்லை என்று விஞ்ஞானிகள் எழுதியிருந்தார்கள். ஆனால் வோல்ட், ஓம், ஆம்பியர் என்ற மூன்றுக்கும் அது மின்சாரத்தைவிட ஒழுங்காகக் கீழ்ப்படிந்தது.

ரத்த உறவு அல்லது தாலி உறவு, இரண்டில் ஒன்று இல்லாதவர் வழியாக வலி போகாது. ஏன் என்று கேட்டால் அதே விஞ்ஞானிகள் தொண்டையைச் செருமுவார்கள். போன வருஷம் ஒரு ஜவுளிக்கடைக்காரர் தன் கடைப் பணியாளர்கள் ஆறு பேரை வரிசையாக உட்கார வைத்துப் பார்த்தார். பெட்டியின் மீட்டர் முள் அசையவில்லை.

பெட்டி வந்த பிறகு வலிக்கு ஊசி போடுவதை ஆஸ்பத்திரிகள் நிறுத்திவிட்டன. சொந்தக்காரர்கள் இருக்கும்போது மருந்தை எதற்கு வீணாக்க வேண்டும்? பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு ஓம் சீட்டையும் கேட்டார்கள். யாருமில்லாதவர்களைக் கட்டடத்தின் கடைசி வார்டில் போட்டு, கதவை இரட்டைப் பலகையில் செய்திருந்தார்கள். சவரிமுத்து அந்தப் பக்கம் போவதே இல்லை.

திங்கட்கிழமை காலையில் நத்தத்திலிருந்து அழகுமலையைக் கொண்டுவந்தார்கள். மரவாடி முதலாளி. முதுகெலும்பில் புற்று. ஆள் பாதியாகிவிட்டாலும் குரல் முழுசாக இருந்தது. மூன்று மாடிக்கும் கேட்டது. கூட வந்தவர்கள் மூன்று பேர். மூத்த மகன் வீரபத்திரன், அவன் மனைவி பஞ்சவர்ணம், இளைய மகன் தவசி. மூன்று பேரும் ஒரே காரில் வந்து மூன்று தனித்தனிக் கதவு வழியாக இறங்கினார்கள்.

“முன்வரிசை எனக்கு. எழுதிக்க” என்றான் வீரபத்திரன், சவரிமுத்து வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே.

பெட்டியில் முன்வரிசை ஒற்றை நாற்காலி. அதில் இருப்பவர் வழியாக மொத்தமும் போகும். அதைத் தாண்டிய பிறகு ஒயர் பிரியும். பின்வரிசையில் எத்தனை பேர் வேண்டுமானாலும் பக்கம் பக்கமாக இருக்கலாம். நோயாளி போன பிறகு பெட்டி ஒரு சீட்டு அடித்துத் தரும், யார் வழியாக எத்தனை ஆம்பியர் போனது என்று. நத்தம் பக்கத்துப் பெரியவர்கள் கூடி, சீட்டில் யார் முதலிடமோ அவருக்குத்தான் கொள்ளி என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தி மூன்று வருஷமாகிறது. கொள்ளி வைக்காத மூத்தவன் அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

“உக்காருண்ணே, யாரு வேணாம்னா? மொத்தமும் ஒன் வழியாத்தான் வரும். வயிறார வாங்கிக்க” என்றான் தவசி.

சவரிமுத்து ஓமைப் பார்த்துச் சீட்டில் எழுதினார். வீரபத்திரன் எட்டிப் பார்த்தான்.

“என்னய்யா இருபத்துநாலுன்னு எழுதுற? சரியாப் பாரு.”

“மூணு தடவை பாத்தாச்சு மொதலாளி.”

“எந்தம்பிக்கு எம்புட்டு?”

“அறுபது.”

“இவளுக்கு?”

“நாப்பது.”

“பொம்பளைக்கு நாப்பது, எனக்கு இருபத்துநாலா? மீசையைப் பாத்தியா?”

“மீசையில முள்ளு ஏறாது மொதலாளி. அடுத்தவன் வலி நம்ம உள்ள வராம எம்புட்டு மறிக்கிறமோ அதான் ஓமு. கொறைச்சலா இருந்தா மனசு இளகினதுன்னு அர்த்தம்.”

“கேட்டீங்களா கொழுந்தனாரே, ஒங்களுக்குக் கருங்கல்லாம்” என்றாள் பஞ்சவர்ணம்.

“ஒங்களுக்கும் நாப்பது போட்டிருக்கு மதினி. மல்லிகைப்பூன்னு போடலை.”

சவரிமுத்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஒயர்களை முடுக்கினார். அந்த நேரம் பார்த்துத் தவசி தன் நாற்காலியை அண்ணன் நாற்காலியைவிட அரை அடி முன்னால் இழுத்துப் போட, வீரபத்திரன் அதை எட்டி உதைக்க, இருவர் சட்டையும் இருவர் கையில் வர, நர்ஸ் ஓடிவந்து கத்த, ஒருவழியாக உட்கார வைத்தபோது சவரிமுத்துவுக்கு மூச்சு வாங்கியது. ஒயர் முனைக் கிளிப்புகளை அவரவர் கையில் கொடுத்தார். முள் எழுந்தது. வீரபத்திரனின் முதுகு வில்லாக வளைந்தது. கட்டிலில் அலறல் நின்று முனகலானது.

“யாருக்கு எம்புட்டு? வாயில சொல்லாதீங்க. கணக்குப் போட்டுக் காட்டுங்க. இந்த வீட்டுல ஒருத்தர நம்ப முடியாது” என்று பஞ்சவர்ணம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

சவரிமுத்து மாத்திரை அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

“அப்பாவோட வலி நூத்து நாப்பத்துநாலு வோல்ட்டு. அதான் தள்ளுற அழுத்தம். பின்வரிசையில நீங்க ரெண்டு பேரும் பக்கம் பக்கமா இருக்கீங்க. அறுபதையும் நாப்பதையும் பெருக்கினா ரெண்டாயிரத்து நானூறு. கூட்டினா நூறு. அதை இதால வகுத்தா இருபத்துநாலு.”

“நாங்க ரெண்டு பேரு சேர்ந்தா கூடத்தான செய்யணும்? எப்படிக் கொறையும்?”

“கோயில் கூட்டம்னு வச்சுக்கங்க. ஒரு வாசலுக்கு ரெண்டு வாசல் இருந்தா கூட்டத்துக்கு நெருக்கடி கூடுமா கொறையுமா? அதே மாதிரி. இப்ப முன்னாடி மொதலாளி ஒரு இருபத்துநாலு. அவர் பின்னாடி நீங்க ஒரு இருபத்துநாலு. ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கிறதால இதைக் கூட்டணும். நாப்பத்தெட்டு. நூத்து நாப்பத்துநாலை நாப்பத்தெட்டால வகுத்தா மூணு. மூணு ஆம்பியர் ஓடுது.”

“என் மேல எவ்வளவு விழுது?” என்றான் வீரபத்திரன்.

“மூணு இன்ட்டு இருபத்துநாலு, எழுபத்திரண்டு வோல்ட்டு. மிச்சம் எழுபத்திரண்டு பின்வரிசைக்கு. அதுல தம்பி வழியா ஒண்ணே கால்கிட்ட, கரெக்டா ஒண்ணு புள்ளி ரெண்டு. அம்மா வழியா ஒண்ணு புள்ளி எட்டு. கூட்டுங்க, மூணு வரும்.”

“இவருக்குக் கல்லு நெஞ்சு, அதனால கொறைச்சலு. எனக்குக் கூடுதலா? நல்லாருக்கு நியாயம்” என்றாள் பஞ்சவர்ணம்.

டாக்டர் வந்து கட்டிலைப் பார்த்தார். மூன்று ஆம்பியரில் கிழவர் அலறமாட்டார், ஆனால் தூங்கமாட்டார். நாலு ஓடினால் தூங்குவார் என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு எங்கிருந்து வரும்? பின்வரிசையில் இன்னும் ஆள் வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் ‘பிள்ளைகள்’ என்ற இடத்தில் மூன்று பெயர்கள் எழுதி ஒன்றை அடித்திருந்தார்கள். பேனா தாளைக் கிழித்திருந்தது.

“இன்னொருத்தர் யாரோ…” என்று இழுத்தார் சவரிமுத்து.

“இல்ல” என்றான் வீரபத்திரன்.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே போயிற்று. மூன்று ஆம்பியர், அரைமணிக்கு ஒரு சண்டை. தவசி கொட்டாவி விட்டால் அண்ணனுக்குக் கோபம், அண்ணன் முனகினால் தம்பிக்குச் சிரிப்பு. புருஷன் வாங்கித் தந்த இட்லியைப் பஞ்சவர்ணம் சுவர்ப் பக்கம் திரும்பிச் சாப்பிட்டாள். அழகுமலை கண்ணைத் திறக்கும்போதெல்லாம் மூவரையும் ஒருமுறை பார்த்து, வேறு யாரையோ தேடுகிற மாதிரி வாசலைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்வார்.

புதன்கிழமை பத்து மணிக்கு வீரபத்திரன் கத்தினான்.

அது முனகல் இல்லை. நாற்காலிக் கை உடைகிற மாதிரியான கத்தல். “எரியுதுய்யா! தண்டுவடத்துல கம்பியைக் காச்சிச் சொருகுற மாதிரி எரியுது! இந்தத் தவசிப்பய கிளிப்பைக் கழட்டிட்டான்! மொத்தத்தையும் என் தலையில கட்டிட்டான்!”

“நான் கழட்டலை. இந்தா பாரு, கையில இருக்கு.”

“அப்ப ஒனக்கு ஏன்டா மூஞ்சி தெளிஞ்சிருக்கு?”

உண்மையாகவே தெளிந்திருந்தது. தவசி நெற்றியில் வேர்வை இல்லை. பஞ்சவர்ணம் இரண்டு நாளில் முதல்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “எனக்கும்தான் லேசா இருக்கு. காத்தாடுற மாதிரி இருக்கு” என்றாள். புருஷன் அவளைப் பார்த்த பார்வையில் அந்தக் காற்று நின்றுபோயிருக்க வேண்டும்.

“ரெண்டு பேரும் கூட்டு. எனக்கு அப்பவே தெரியும். நான் இந்த நாக்காலியிலேயே சாகணும், நீங்க கொள்ளியைத் தூக்கிட்டுப் போகணும், அதான?”

தவசி எழுந்தான். வீரபத்திரன் காலடியில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்தான். எறிவதற்குள் சவரிமுத்து நடுவில் வந்து நின்றார்.

“மொதலாளி, செம்பைக் கீழ வையுங்க. தம்பி கழட்டலை.”

“ஒனக்கு எப்படிய்யா தெரியும்?”

“கழட்டியிருந்தா ஒங்களுக்கு வலி கொறையணும்.”

வீரபத்திரனின் கை அந்தரத்தில் நின்றது.

“தம்பி இல்லைன்னா பின்வரிசையில அம்மா மட்டும், நாப்பது. ஒங்க இருபத்துநாலையும் கூட்டினா அறுபத்துநாலு. ஓட்டம் மூணுலேர்ந்து ரெண்டே காலுக்கு எறங்கிரும். ஒங்க மேல விழுறது அம்பத்துநாலு வோல்ட்டுதான். எழுபத்திரண்டைவிடக் கம்மி. ஒங்களுக்கு ஏறியிருக்கு. அப்ப யாரும் கழட்டலை.” சவரிமுத்து முள்ளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “யாரோ சேந்திருக்காங்க.”

அறையில் அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள். முனகல் கேட்கவில்லை. அழகுமலை வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

முள் நாலில் நின்றது.

“என்ன ஒளறுற? ஆளு கூடுனா எல்லாருக்கும் கொறையணும். எனக்கு மட்டும் ஏன் கூடுது?”

“நீங்க ஒத்தையா முன்னாடி நிக்கிறீங்க மொதலாளி. பின்னாடி வாசல் ரெண்டு இருந்தது மூணாச்சு. பின்னாடி இருக்கவங்களுக்குத் தாராளம். ஆனா கூட்டம் மொத்தமும் ஒங்களைத் தாண்டித்தான போகணும்? போற கூட்டம் பெருத்துப் போச்சு. நெரிசல் ஒங்க மேல.” மாத்திரை அட்டையைத் திருப்பிப் போட்டு எழுதினார். “அப்பா வலி மாறலை, அதே நூத்து நாப்பத்துநாலு. ஓட்டம் நாலு. வகுத்தா மொத்த ஓமு முப்பத்தாறு. அதுல நீங்க இருபத்துநாலு. மிச்சம் பன்னண்டு. பின்வரிசை இருபத்துநாலா இருந்தது பன்னண்டா ஆயிருக்கு. ஒங்க மேல விழுறது நாலு இன்ட்டு இருபத்துநாலு, தொண்ணூத்தாறு.”

“தொண்ணூத்தாறா!”

“பின்வரிசைக்கு நாப்பத்தெட்டுதான். அதுல தம்பி வழியா புள்ளி எட்டு. அம்மா வழியா ஒண்ணு புள்ளி ரெண்டு. ரெண்டும் சேந்து ரெண்டு. ஆனா ஓடுறது நாலு.” பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். “மிச்சம் ரெண்டு ஆம்பியர் யாரு வழியாவோ போகுது. பாதி வலி.”

வீரபத்திரன் செம்பை இன்னும் பிடித்திருந்தான்.

“வெளியாளு வழியாப் போகாது. ஒங்க ரத்தம்தான். நாப்பத்தெட்டை ரெண்டால வகுத்தா அந்த ஆளோட ஓமு வந்துரும்.” அவர் எழுதவில்லை. எழுதத் தேவையிருக்கவில்லை. “இருபத்துநாலு. மொதலாளி, அப்பனுக்கும் மகனுக்கும்கூட ஒரே ஓமு வந்து நான் பாத்ததில்ல. இந்த அஞ்சு வருசத்துல ரெண்டே தடவை பாத்திருக்கேன். ரெண்டு தடவையும் இரட்டைப் பிள்ளைக.”

பஞ்சவர்ணம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தவசி தரையைப் பார்த்தான். பிறகு, சமயம் பார்த்துக் குத்துகிறவனுக்கே உரிய மெல்லிய குரலில் சொன்னான்: “வீரம்மா அக்கா.”

பெட்டியிலிருந்து ஒயர்கள் ஜன்னல் வழியாக வராண்டாவுக்குப் போய், அங்கே சுவரில் உள்ள இணைப்புப் பலகையில் சேர்ந்து திரும்பி வரும். பெரிய குடும்பங்களுக்காகப் பின்வரிசைக் கிளிப்புகள் அங்கே கொத்தாகத் தொங்கும். பலகைக்குக் கீழே நோயாளிகளோடு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தூக்குவாளியோடு ஒருவர், சீப்பு வாழைப்பழத்தோடு ஒருத்தி. நடுவில் நாற்பத்தாறு வயதில் ஒருத்தி சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் முந்தானைக்குள். கீழுதட்டைக் கடித்த இடத்தில் ரத்தம்.

வீரபத்திரன் கிளிப்பை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்துவிட்டான். உள்ளே கிழவர் உடனே அலறினார்.

“எந்திரி. எந்திரிச்சு ஓடிரு” என்றான் ஜன்னல் கம்பிகளுக்கு உள்ளேயிருந்து.

“மொதல்ல நீ போயி உக்காரு. அவரு கத்துறாரு” என்றாள் வீரம்மா. முகம் திரும்பவில்லை.

“ஒன்னைய யாரு வரச்சொன்னது? செத்தா மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு சொன்னாருல்ல?”

“செத்தா வரமாட்டேன். உசுரோட இருக்கையில வரக்கூடாதுன்னு சொல்லலை.”

பதினாலு வருஷத்துக்கு முன்பு நத்தம் வளைவில் மரம் ஏற்றிய லாரி ஒன்று, சைக்கிளில் போன தபால்காரரை அடித்தது. ஓட்டியவன் வீரபத்திரன். கிளீனர் ஓட்டினான் என்று அழகுமலை எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார். லாரியில் அண்ணன் பக்கத்து சீட்டில் வீரம்மா இருந்தாள். கோர்ட்டில் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்யச் சொன்னார்கள், செய்தாள். செய்த பிறகு, ஓட்டியது என் கூடப்பிறந்தவன் என்று சொன்னாள். வீரபத்திரனுக்கு மூன்று வருஷம். அன்றிலிருந்து அழகுமலைக்குப் பிள்ளைகள் இரண்டு. வீரம்மா ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் சாக்கு தைத்துப் பிழைத்தாள். இதையெல்லாம் சவரிமுத்துவிடம் சொன்னவன் தவசி. அண்ணன் காதில் விழும்படி நிறுத்தி நிதானமாகச் சொன்னான்.

“இன்னொண்ணும் இருக்குண்ணே” என்றான் கடைசியில். “அவதான் மூத்தவ. கால் மணி நேரம்.”

வீரபத்திரன் நாற்காலிக்குத் திரும்பி வந்து கிளிப்பைப் பிடித்தான். அலறல் அடங்கியது. தொண்ணூற்றாறு வோல்ட் அவனை மறுபடி வில்லாக வளைத்தது. வளைந்தபடியே கத்தினான்: “எப்பா கரண்டுக்காரா, அவ கிளிப்பைப் பிடுங்கு!”

“பிடுங்கினா ஒங்களுக்கு எழுபத்திரண்டாக் கொறையும். அப்பா முழிச்சுக்குவாரு.”

“பிடுங்குய்யா!”

“நான் பிடுங்கமாட்டேன் மொதலாளி. வேணும்னா போலீசைக் கூப்புடுங்க.”

வீரம்மா ஜன்னலுக்கு வந்திருந்தாள். கிளிப்புகள் அப்படியே கையில். அண்ணனுக்கும் தங்கைக்கும், அல்லது அக்காளுக்கும் தம்பிக்கும், எப்படி வைத்துக்கொண்டாலும் சரி, இருவருக்கும் ஒரே மாதிரி நெற்றி நரம்பு புடைத்திருந்தது.

“பாசத்துல வந்தேன்னு நெனைக்காத. பதினாலு வருசம் தினமும் வெளக்கேத்தி, இந்த மனுசன் முதுகு ஒடியணும்னு வேண்டிக்கிட்டேன். ஒடிஞ்சிருச்சு. நான் கேட்டு வாங்குனதுல பாதிய நான்தான எடுக்கணும்? ஒன் கொள்ளி எனக்கு வேணாம். அதை நீயே வச்சு நாக்கைப் பொசுக்கிக்க.”

“அந்த நாக்குதான என்னைய உள்ள தள்ளுச்சு.”

“நீ அடிச்ச ஆளுக்கும் ரெட்டைப் புள்ளைகடா. அது ஒனக்குத் தெரியுமா?”

வீரபத்திரனுக்கு அது தெரிந்திருந்ததா என்பதைச் சவரிமுத்துவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த இடத்தில் தவசி சிரித்திருக்கக் கூடாது. வலி குறைந்த சுகத்தில் சிரித்துவிட்டான். பஞ்சவர்ணமும், கிண்டலுக்கு இல்லை, பழக்கத்தில், சேர்ந்து சிரித்தாள்.

வீரபத்திரன் தலையைத் திருப்பி இருவரையும் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

“கரண்டுக்காரரே” என்றான். மூன்று நாளில் முதல்முறையாக ‘ரே’ விழுந்தது. “அவளை என் பக்கத்துல போட்டா என்ன ஆகும்? முன்வரிசையில. ரெண்டு பேரும் பக்கம் பக்கமா.”

சவரிமுத்து பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

“இருபத்துநாலும் இருபத்துநாலும் பக்கம் பக்கமா இருந்தா பன்னண்டு. பின்னாடி பழையபடி இருபத்துநாலு. மொத்தம் அதே முப்பத்தாறு. ஓட்டம் அதே நாலு. அப்பா தூங்குவாரு.”

“என் மேல?”

“நாப்பத்தெட்டு. இப்ப விழுறதுல பாதி. அந்தம்மா மேலயும் நாப்பத்தெட்டு. ஆளுக்கு ரெண்டு ஆம்பியர்.”

“பின்னாடி இருக்குற இந்த ரெண்டு சீமான்களுக்கு?”

“தொண்ணூத்தாறு.”

தவசியின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது. “அதெப்படி? நாங்க இருந்த எடத்துலயே இருக்கோம்! எங்க ஒயரைத் தொடவே இல்லை! எங்களுக்கு எப்படி ரெட்டிப்பாகும்?”

“முன்னாடி வழி அகலமாயிருச்சு தம்பி. இப்ப இடுக்கு நீங்கதான்.”

“அவரு ஒரு தடவைகூட என்னைய நெனைச்சுப் பாக்கமாட்டாரா?” என்று பஞ்சவர்ணம் சவரிமுத்துவிடம் புருஷனைப் பற்றிக் கேட்டாள். “கூடப் பொறந்தவளைக் கொல்லணும்னு இருந்தாரு. இப்ப எங்களைக் கொல்றதுக்காக அவளைக் கூப்புடுறாரே!”

“ஆமாடி. அதுக்காகத்தான்” என்றான் வீரபத்திரன். “எனக்கு யாரு மேலயும் பாசம் வந்துறலை. நாக்காலியைக் கொண்டாய்யா. என் பக்கம் திரும்பாம இருக்குற மாதிரிப் போடு.”

வீரம்மா உள்ளே வந்தாள். இரண்டு நாற்காலிகளையும் முதுகோடு முதுகாகப் போட்டார் சவரிமுத்து. அவள் உட்கார்ந்தாள். பழக்கப்படி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, ஒயர்களை மாற்றி முடுக்கிக் கிளிப்பைக் கொடுத்தார். முள் ஒருமுறை தாழ்ந்து, எழுந்து, நாலில் நின்றது. பின்னால் தவசி, “அம்மா!” என்று கத்தினான். அவன் அம்மா இறந்து இருபது வருஷமாகிறது.

“இடிக்காத” என்றான் வீரபத்திரன்.

“நீ இடிக்காத” என்றாள் வீரம்மா.

வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை நால்வரும் அப்படியே இருந்தார்கள். வாய்ச்சண்டை ஓயவில்லை. தவசி இரண்டு தடவை எழுந்து ஓடினான். கட்டிலில் ஓட்டம் இறங்கிக் கிழவர் முனகியதும் பஞ்சவர்ணமே சட்டையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தாள். வியாழக்கிழமை ஒரு முறை அழகுமலை விழித்தார். வாசலைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த இரண்டு நாற்காலிகளையும் பார்த்தார். வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று எல்லாரும் மூச்சைப் பிடித்தபோது, “சத்தம் போடாதீங்க” என்றார். பிறகு தூங்கிவிட்டார். அந்தத் தூக்கத்திலேயே வெள்ளிக்கிழமை போனார்.

பெட்டி சீட்டு அடித்தது. முன்னால் ஓடிய கணக்கைப் பெரியவர்கள் ஒதுக்கிவிட்டு, கடைசி ஓட்டத்தைப் பார்ப்பதுதான் வழக்கம். பஞ்சவர்ணம் இரண்டு புள்ளி நாலு. தவசி ஒன்று புள்ளி ஆறு. வீரபத்திரன் இரண்டு. வீரம்மா இரண்டு. மருமகள்தான் முதலிடம். அவள் ஊரார் முன்னிலையில் அந்தச் சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “எனக்கு வேணாம். முன்னாடி இருந்த ரெண்டு பேரும் அடிச்சுக்கட்டும்” என்று சொல்லிவிட்டாள்.

பெண் கொள்ளி வைக்கக் கூடாது என்றார்கள் பெரியவர்கள். தவசி அதை ஆமோதித்தான். தம்பி ஆமோதித்தான் என்ற ஒரே காரணத்துக்காக வீரபத்திரன் மறுத்தான். நத்தம் சுடுகாட்டில் ஒரே கட்டையை இரண்டு கைகள் பிடித்திருந்ததாகவும், தீ வைத்து முடிக்கிறவரை, “கையை எடு”, “நீ எடு” என்ற பேச்சு நிற்கவில்லை என்றும் ஆம்புலன்ஸ் டிரைவர் வந்து சொன்னார். அதற்குப் பிறகு இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை என்றும் சொன்னார். ஆனால் ஒட்டன்சத்திரம் பஸ் வருகிறவரை வீரபத்திரனின் கார், நிழற்குடையிலிருந்து கொஞ்சம் தள்ளி, இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்ததாம்.

சவரிமுத்து வெள்ளிக்கிழமை இரவு நல்ல தூக்கம் தூங்கினார். முப்பத்தைந்து வருஷத்தில் போட்ட கணக்குகளில் அதுதான் சுத்தமான கணக்கு என்று அவருக்குத் தோன்றியது. எந்த ஆம்பியரும் தொலையவில்லை, எந்த வோல்ட்டும் மிஞ்சவில்லை.

சனிக்கிழமை காக்கிச் சட்டையை வீட்டுக்கு எடுத்துவந்தார். ஊறப் போடுவதற்கு முன் லூர்து பையைத் துழாவினாள். உள்ளே ஒரு டெஸ்டர், பாதிப் பென்சில், இருபுறமும் கணக்கெழுதிய மாத்திரை அட்டை, திங்கட்கிழமை காலையில் பிடுங்கிப் போட்ட ஃபியூஸ் கட்டை.